கண்ணை இங்கே வைக்கவும்

ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். அங்கே நீ, அத்தான், உன் மாமனார், முக்கியமாக உன் மகள், நம் கேள்விக்குறி, எல்லோரும் சுகம்தானே? போனில் பேசினால் நடுவில் நாலு பேர் காது இருக்கிறது என்று நீதான் சொல்வாய். அதனால் இந்த விஷயத்தைக் காகிதத்திலேயே எழுதுகிறேன்.

பள்ளியில் எனக்கு ஒரு புது வேலை கொடுத்திருக்கிறார்கள். பௌதிகச் சோதனைகளைக் கம்ப்யூட்டர் திரையிலேயே செய்து பார்ப்பதற்கு ஒரு நிறுவனம் மென்பொருள் செய்திருக்கிறது. மெய்நிகர் ஆய்வகம் என்று பெயர். பேட்டரி, கம்பி, லென்ஸ், ஊசல் எல்லாம் படமாக இருக்கும். பிள்ளைகள் அவற்றை இழுத்து வைத்து, இணைத்து, சோதனை செய்ய வேண்டும். இது உருப்படியானதுதானா என்று பார்த்துச் சொல்ல நான்கு ஆசிரியர்கள் கொண்ட ஒரு குழு. அந்த நாலில் நானும் ஒருத்தன்! நாங்கள் சரி என்று எழுதிவிட்டால் அடுத்த பருவத்தில் எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் போய்விடும். அறிக்கை ஒழுங்காக முடிந்தால் என்னை நிரந்தரமாக்குவதாகத் தலைமையாசிரியர் தன் வாயாலேயே சொன்னார். ‘தற்காலிக ஆசிரியர்’ என்ற வாலை நான் எவ்வளவு காலமாகச் சுமக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

இத்துடன் என் பெயரும் கடவுச்சொல்லும் தனித்தாளில் இருக்கின்றன. கேள்விக்குறியிடம் கொடு. வெளியாள் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அவள் வெளியாளா? யாரும் சொல்லித் தராமல் ஒரு பிள்ளை தானாகத் தொட்டுப் பார்த்தால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரிய வேண்டும். நாங்கள் பாடம் நடத்தி நடத்தியே கெட்டுப்போனவர்கள், எங்களால் அப்படிப் பார்க்க முடியாது. விஷயம் நம்மோடு இருக்கட்டும்.

பதில் எதிர்பார்க்கும்,
உன் தம்பி


ஜூன் 20

என்றும் குறைவில்லாமல் இருக்க ஆண்டவன் துணை.

தம்பிக்கு அக்கா எழுதுவது. எல்லோரும் நலம். உன் வீட்டுக்காரிக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடத்தை விட வேண்டாம் என்று சொல்.

நீ அனுப்பியதைக் கொடுத்தேனோ இல்லையோ, உன் மருமகளைத் தரையில் பார்க்க முடியவில்லை. கூப்பிட்டால் “ஒரே ஒரு சோதனைம்மா.” அந்த ஒன்று முடிவதற்குள் குழம்பு ஆறிப்போகிறது. உன் அத்தான், “உன் தம்பி அனுப்பினது ஆய்வுக்கூடமா, பில்லி சூனியமா?” என்று கேட்கிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பாதியில் படிப்பை விட்டவள் நான், பிறகு அவளுடைய புத்தகங்களைப் பார்த்துத்தானே எழுத்துக் கூட்டினேன். எனக்கே புரிகிறது என்றால் நல்ல வேலைதான் செய்திருக்கிறார்கள்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது லென்ஸ். ஒரு பக்கம் வெளிச்சம், நடுவில் லென்ஸ். மறுபக்கம் ‘கண்ணை இங்கே வைக்கவும்’ என்று எழுத்து வருகிறது. இமை, ரப்பை எல்லாம் வைத்து அழகாக ஒரு கண் வரைந்திருக்கிறார்கள். அதை இழுத்து வெளிச்சத்துக்குள் வைக்க வேண்டும். சரியான இடம் என்றால் நட்சத்திரம் விழுகிறது. தப்பு என்றால் ‘மீண்டும்’ என்று ஒரு பொத்தான். மெழுகுவத்திக்கு ஒரு நட்சத்திரம், பல்புக்கு இரண்டு, சூரியனுக்கு மூன்று. இவள் எப்போதும் சூரியனைத்தான் எடுக்கிறாள். பேராசை!

“தப்பு பண்ணா ஒண்ணுமே ஆகாதும்மா. மீண்டும்னு அழுத்தினா போதும்” என்றாள்.

“பால் பொங்கி வழிஞ்சா எந்தப் பொத்தானடி அழுத்துறது?” என்றேன்.

“அதுக்குத்தான் நீ இருக்கியே.”

வாயைப் பார்த்தாயா? நட்சத்திரம் விழுகிற சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டுமாம். மற்றபடி மாமாவுக்கு நூற்றுக்கு நூறு போடச் சொன்னாள்.

ஆசிகளுடன்,
அக்கா


ஜூலை 4

அன்புள்ள அக்கா,

இங்கே சுகம். ஒத்தடம் நடக்கிறது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சத்தம் பற்றிக் கேள்விக்குறி சொன்னதை அப்படியே குறிப்பில் சேர்த்துவிட்டேன், யார் சொன்னது என்று எழுதாமல்.

எங்களுக்கு ஒரு மதிப்பெண் தாள் கொடுத்திருக்கிறார்கள். பாடத்திட்டத்தோடு பொருந்துகிறதா, கணக்கு சரியா, மொழி எளிதா, பிள்ளைகள் விரும்புகிறார்களா என்று கட்டம் கட்டமாக. ‘விரும்புகிறார்களா’ என்ற கட்டத்தில், கண்ணை இழுத்து வைக்கும் பகுதி மிகச் சிறப்பு என்று நானே எழுதி முழு மதிப்பெண் போட்டேன். நிறுவனத்திலிருந்து ஒருவர் வாராவாரம் வருகிறார். எப்போதும் சிரித்த முகம். ஆசிரியர் அறையில் அவருக்குப் பல்வரிசை என்று பெயர் வைத்தாகிவிட்டது. என் குறிப்பைப் பார்த்துவிட்டு, “சார், இதை எங்க விளம்பரத்துலயே போட்டுக்கலாம் போல இருக்கே” என்றார்.

கேள்விக்குறியை மின்சாரப் பகுதிக்கும் போகச் சொல். சூரியனையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

அன்புடன்,
தம்பி


ஆகஸ்ட் 1

ஆண்டவன் துணை.

தம்பிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மழையில் துணி காயவில்லை, மாமனாருக்கு இருமல், வேலை மேல் வேலை. கம்ப்யூட்டர் பழுதாகிக் கடையில் கிடக்கிறது, அதனால் நீ சொன்ன மின்சாரப் பகுதியை அவள் பார்க்கவில்லை. அவளுக்குக் கொஞ்சம் தலைவலி. வேறு ஒன்றுமில்லை.

ஒரு விஷயம். அவளை இனிமேல் அந்தச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடாதே. எழுதவும் எழுதாதே. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். காதில் விழுந்தால் என்னவோ போல இருக்கிறது.

சும்மா கேட்கிறேன். நீ பௌதிகம் படித்தவன். வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் உள்ளே ஒரு புள்ளி தெரியுமே, அது எத்தனை நாள் இருக்கும்?

அக்கா


ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். உன் மாமனாரின் இருமல் குறைந்ததா?

நாள் கணக்கா? என் அக்காவே, அது நிமிஷக் கணக்கு! கண்ணின் உள்திரை கொஞ்சம் களைத்துப்போவதால் வருவது. அடுப்புத் தீயையோ பல்பையோ பார்த்துவிட்டு வந்திருப்பாய், ஒரு வாய் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் போய்விடும். போகாமல் அப்படியே நின்றால்தான் பயப்பட வேண்டும். உனக்கு ஏன் இந்தச் சந்தேகம்? கண்ணாடி போடுகிற வயது வந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள மனசில்லையா?

செல்லப்பெயரில் என்ன குற்றம் கண்டாய் என்று புரியவில்லை. நீ சொன்னால் சரி, எழுதவில்லை. வளர்ந்துவிட்டாள், கூச்சமாக இருக்கும்.

அறிக்கை செப்டம்பர் கடைசியில். எல்லாம் நல்லபடியாகவே போகிறது. அவளை இரண்டு வரி எழுதச் சொல். அவள் கையெழுத்தைப் பார்த்து நாளாகிறது.

அன்புடன்,
தம்பி


ஆகஸ்ட் 29

அக்கா,

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. ஒரே ஒரு முறை எடுத்தாய். “பத்திரமா இருக்காடா” என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் கேட்டது “எப்படி இருக்கா?” என்று. பத்திரமாக இருக்கிறாளா என்று நான் கேட்கவே இல்லையே.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். திரையில் பழகிய பிள்ளைகள் நிஜக் கருவியில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கத் திங்கட்கிழமை ஆய்வகத்தைத் திறந்தேன். மேசையில் லென்ஸ், அந்தப் பக்கம் சின்ன லேசர் விளக்கு. வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பெண் முதலில் வந்தாள். விளக்கைப் போட்டாள். லென்ஸை நகர்த்தினாள். பிறகு மேசையில் முழங்கையை ஊன்றிக் குனிந்து, “கண்ணை எந்த இடத்துல சார் வைக்கணும்?” என்று கேட்டாள்.

கேட்டுக்கொண்டே முகத்தைக் கொண்டுபோனாள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு எழுந்து வந்துவிட்டது. விளக்கைத் தட்டிவிட்டேன், அது கீழே விழுந்து உடைந்தது. அந்தப் பெண் அழுதாள். “நீங்கதானே சார் அப்படிச் சொல்லித் தந்தீங்க” என்றாள். நான் சொல்லித் தரவில்லை. ஆனால் சொல்லித் தந்ததற்கு முழு மதிப்பெண் போட்டவன் நான்தானே.

அன்று மாலை நம்முடைய கணக்கைத் திறந்து பார்த்தேன். யார், எப்போது, எந்தச் சோதனை செய்தார்கள் என்று அதில் தெரியும். உங்கள் வீட்டிலிருந்து ஒரு நாள் விடாமல் லென்ஸ், சூரியன், லென்ஸ், சூரியன். ஜூலை பன்னிரண்டோடு நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் அன்றைக்கா பழுதானது?

அதை நான் பார்த்ததைப் பல்வரிசையும் பார்த்திருக்கிறார். மறுநாள் வந்து தோளில் கை போட்டார். “உங்க கணக்கு வெளியூர்ல இருந்து நிறைய ஓடியிருக்கு சார். நாங்க அதைப் பெருசு பண்ண மாட்டோம். லேசர் விஷயத்தை நீங்களும் பெருசு பண்ணாம இருந்தா சரி.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

உன் மாமனார் பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துப் பூட்டி வை. இன்றைக்கே. அவளிடம் சூரியனைப் பார்க்கவே கூடாது என்று சொல். உடனே எழுது.

தம்பி


செப்டம்பர் 5

ஆண்டவன் துணை.

தம்பிக்கு,

எல்லோரும் நலம். நீ வீணாகப் பயப்படுகிறாய். பூதக்கண்ணாடியை எடுத்து வைத்தாயிற்று. மாமனார் பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டார், ரேடியோ கேட்கிறார். உன் அத்தானுக்கு வேலை அதிகம். பக்கத்து வீட்டில் வெள்ளை அடிக்கிறார்கள், வாடை தாங்கவில்லை. தண்ணீர் ஒழுங்காக வருகிறது. அவளுக்குப் பரீட்சை, அதனால் எழுத முடியவில்லை.

நீ அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிடு. லேசர் அது இது என்று யாரையும் பகைத்துக்கொள்ளாதே. அந்த ஆள் சொன்னது போலவே செய். நிரந்தரமாகிவிட்டால் பிறகு யாரும் உன்னை ஒன்றும் செய்ய முடியாது. நான் தினமும் உனக்காகத்தான் வேண்டிக்கொள்கிறேன். இங்கே வர வேண்டாம். போனும் செய்ய வேண்டாம். முதலில் கையெழுத்துப் போடு.

அக்கா


செப்டம்பர் 10

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். வெள்ளை அடிக்கும் வாடை வரை எழுதியிருக்கிறாய். அவளைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் பரீட்சை. காலாண்டுப் பரீட்சை இந்த மாதக் கடைசியில்தான், இப்போது எந்தப் பள்ளிக்கூடத்திலும் பரீட்சை கிடையாது. நான் வாத்தியார், அக்கா.

பூதக்கண்ணாடியை எடுத்துப் பல நாள் ஆகியிருக்கிறது, இல்லையா? அதற்குள் ஒரு மனிதர் பேப்பரை விட்டு ரேடியோவுக்குப் பழகிவிட மாட்டார்.

அந்தப் புள்ளி நிமிஷத்தில் போய்விடும் என்று உனக்குச் சிரிக்கச் சிரிக்கப் பதில் எழுதினேனே.

அறிக்கை என் மேசையில் இருக்கிறது. மற்ற மூன்று பேரும் போட்டுவிட்டார்கள். நீ சொல்லும்வரை நான் போட மாட்டேன். ஒரே ஒரு கேள்வி. அவள் உன்னைப் பார்க்கும்போது உன் முகம் அவளுக்குத் தெரிகிறதா?

தம்பி


செப்டம்பர் 17

தம்பி,

தெரியவில்லையடா.

என் காதைப் பார்த்தால்தான் என் முகம் கொஞ்சம் தெரிகிறதாம். நேராகப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். அதனால் இப்போது யாரிடம் பேசினாலும் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்ப்பது போலப் பேசுகிறாள். உன் அத்தான் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுகிறார்.

ஜூலை பன்னிரண்டு சாயங்காலம்தான். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மேகத்துக்குள் சூரியன் ஆரஞ்சுப் பழம் மாதிரி இருந்தது, கூசவே இல்லை. இவள் தாத்தாவின் பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, வளைந்து வளைந்து இடம் தேடிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். உன் அத்தானைக் கூப்பிட்டு, “இங்க வாங்களேன், உங்க பொண்ணு நிஜமாவே கேள்விக்குறி மாதிரி வளைஞ்சு நிக்கிறா பாருங்க” என்று சிரித்தேன். அந்தப் பெயரை ஏன் சொல்ல வேண்டாம் என்றேன் என்று இப்போது தெரிகிறதா?

வலது கண்ணில்தான் முதலில் வைத்திருக்கிறாள். ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. தப்பான இடத்தில் வைத்துவிட்டோம் என்று நினைத்துவிட்டாள். அதில் தப்பானால் ‘மீண்டும்’தானே. அதனால் இடது கண்ணை வைத்தாள்.

வலிக்கவே இல்லையாம். கத்தியிருந்தால் ஓடியிருப்பேனே. கண் மருத்துவர் சொன்னார், பார்வைத் திரையின் நடுப்புள்ளி வெந்திருக்கிறது, அந்த இடத்துக்கு வலி தெரியாது என்று. மருந்து கிடையாதாம். “சில பேருக்கு மாசக்கணக்குல தானா தெளியும்மா. இடது கண்ணுக்கு நம்பிக்கை இருக்கு” என்றார். வலது கண்ணைப் பற்றிக் கேட்டேன். அடுத்த மாதம் வரச் சொன்னார்.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். உனக்குத் தெரிந்தால் குழுவில் சொல்வாய். சொன்னால், கடவுச்சொல்லை வெளியே கொடுத்தது தெரிந்துவிடும், வேலை போய்விடும். ஒரு வீட்டில் ஒரு பிள்ளையின் கண் போதாதா, தம்பியின் பிழைப்பும் போக வேண்டுமா என்று நினைத்தேன். உன் கையெழுத்து விழும்வரை தாங்கிவிட்டால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதங்களை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். போன கடிதத்தில் கடைசிக் கேள்விக்கு முன்னால் நிறுத்திவிட்டேன்.

“ஏம்மா நிறுத்திட்ட? மாமா இன்னும் எழுதியிருக்காரு.”

“அவ்வளவுதான்டி.”

“தாள் திருப்புற சத்தம் கேட்டுச்சு. படி.”

படித்தேன். பிறகு, “மாமாகிட்ட சொல்லும்மா. என் பேரையும் போடச் சொல்லு” என்றாள்.

“உன் மாமாவுக்கு வேலை போயிடும்டி.”

“அடுத்த பருவத்துல எங்க பள்ளிக்கூடத்துக்கும் வருதாம்மா. எல்லாரும் என்னை மாதிரிதான் பண்ணுவாங்க. ஒரு கண்ணுல நட்சத்திரம் வரலன்னா அடுத்த கண்ணைத்தான் வைப்பாங்க.”

ஆண்டவனிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லப் பயமாக இருக்கிறது.

அக்கா


செப்டம்பர் 30

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே கிளம்பியிருக்க வேண்டும். குழுக் கூட்டம் முடியாமல் வந்தால் அவள் முகத்தில் விழிக்க முடியாது என்று இருந்துவிட்டேன். நேற்று முடிந்தது.

நான் போட்ட முழு மதிப்பெண்ணை முதலில் அடித்தேன். பிறகு, ஒளியியல் பகுதியில் பழகிய ஒரு மாணவி வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துச் சூரியனைப் பார்த்ததில் அவளுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போயிருக்கிறது, வெளிச்சத்துக்குள் கண்ணை வைக்கச் சொல்லி நட்சத்திரம் கொடுக்கும் ஒன்றை எந்தப் பள்ளிக்கும் அனுப்பக் கூடாது என்று படித்தேன். பல்வரிசை சிரித்துக்கொண்டே, “வீட்டுல நடந்ததுக்கு நாங்க என்ன சார் பண்றது? பூதக்கண்ணாடியை நாங்களா கொடுத்தோம்?” என்றார்.

குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அந்தப் பொண்ணு யாரு? நம்ம சோதனைப் பட்டியல்ல இல்லையே?”

அங்கே ஒரு கணம் எனக்கு வழி இருந்தது, அக்கா. தெரிந்தவர்கள் வீட்டுப் பெண் என்று சொல்லியிருக்கலாம். பல்வரிசையும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்படித்தான் சொல்வேன் என்று. யாரோ ஒரு பெண் என்றால் இவர்களும் யாரோ என்று விட்டுவிடுவார்களே என்று தோன்றியது.

“என் அக்கா மகள். கடவுச்சொல் கொடுத்தது நான்தான்” என்றேன்.

அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. மற்ற மூவரில் ஒருவர் தன் கையெழுத்தை அடித்தார். பிறகு இன்னொருவர். ஒளியியல் பகுதி முழுவதையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கண் படத்தை எடுத்துவிட்டு, எச்சரிக்கை போட்டு, மறுபடி சோதித்துப் பார்க்கும்வரை எந்தப் பள்ளிக்கும் போகாது. அவள் பள்ளிக்கும்தான்.

எனக்கு நிரந்தரம் இல்லை. இந்தப் பருவம் முடிந்ததும் வர வேண்டாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். என் பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள். இருவரும் நாளைக் காலை பஸ்ஸில் கிளம்புகிறோம். அடுத்த முறை மருத்துவரிடம் அவளை நான் அழைத்துப்போகிறேன். வலது கண்ணைப் பற்றி நான் கேட்கிறேன். நீ வெளியே உட்கார்.

இந்தக் கடிதத்தைப் உங்கள் ஊருக்கு வரும் இரவு பஸ் டிரைவரிடம் இப்போதே கொடுத்தனுப்புகிறேன், எங்களுக்கு முன்னால் வந்துவிடும். இதை அவளுக்குப் படித்துக் காட்டாதே. அவளுக்கு நானே சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. அதைவிட, கதவைத் திறந்ததும் அவள் “மாமா” என்று கூப்பிடுவாளா, இல்லை “யாரு?” என்று கேட்பாளா என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. அதனால் வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வருகிறேன்.

தம்பி